கிடைத்த படிப்பும் பிடித்த படிப்பும்

(மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கான உயர்கல்வி வழிகாட்டிப் பயிற்சியில், அரசு கலைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் உங்கள் பள்ளிகளில் தொடங்கும் வேலை எனக்குத் தெரியும். யார் விண்ணப்பித்தார், யார் இன்னும் விண்ணப்பிக்கவில்லை, யாருக்குச் சாதிச் சான்றிதழ் கைக்கு வரவில்லை, யார் வீட்டில் 'படித்தது போதும்' என்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையாகத் தேடிப் பேசுகிறீர்கள். கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி, நான் முதல்வன் என்று திட்டங்கள் பல இருந்தாலும், கடைசியில் கைப்பேசியை எடுத்து அந்த வீட்டுக்குப் பேசுவது வகுப்பாசிரியர்தான். அந்த உழைப்புக்குக் கல்லூரிப் பக்கத்திலிருந்து முதலில் என் நன்றி.

நான் பேச வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. நீங்கள் கரை சேர்த்து அனுப்பிய பிள்ளை, கல்லூரிக்குள் வந்த பிறகு தன்னை எப்படித் தெரிந்துகொள்கிறது? தனக்கு எது பிடிக்கும், எது வரும் என்பதை எப்படிக் கண்டடைகிறது? இது கல்லூரியின் வேலை என்று தோன்றலாம். ஆனால் இதற்கான பழக்கம் பிளஸ் டூவிலேயே தொடங்கினால்தான் கல்லூரியில் பலன் தரும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

பதில் இல்லாத கேள்வி

முதலாண்டு வகுப்பில் 'இந்தப் பாடப்பிரிவில் ஏன் சேர்ந்தீர்கள்?' என்று கேட்டால் பதில்கள் உடனே வரும். 'இதுதான் சார் கிடைச்சது', 'மாமா சொன்னாங்க', 'பி.காம். கேட்டேன், கட்-ஆஃப் பத்தல', 'என் தோழி இங்கே சேர்ந்தா, நானும் சேர்ந்துட்டேன்.' எல்லாம் நேர்மையான பதில்கள். கலந்தாய்வில் இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். வணிகவியல் கேட்டவர் வரலாற்றிலும், கணினி அறிவியல் கேட்டவர் கணிதத்திலும் சேர்வது இயல்பாக நடப்பதுதான்.

அடுத்த கேள்விக்குத்தான் வகுப்பு அமைதியாகிவிடும். 'சரி, உங்களுக்கு எதில் ஆர்வம்?'

இந்த அமைதியைப் பார்த்து, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் ஆர்வம் இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறோம். பன்னிரண்டு ஆண்டுகளாக 'எவ்வளவு மார்க்?' என்ற கேள்விக்கே பதில் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்ட பெரியவர்கள் அவர்கள் வாழ்க்கையில் மிகச் சிலர். திடீரென்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கேள்வி புதிது, அதற்கான சொற்களும் கைவசம் இல்லை.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது இன்னும் கடினம். படித்த குடும்பத்துப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அத்தையோ சித்தப்பாவோ நான்கு வகை வேலைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டே அந்தப் பிள்ளை தன்னை அளந்து பார்த்துக்கொள்கிறது. நம் மாணவர்கள் பலருக்கு அந்தப் பேச்சு வீட்டில் இல்லை. தன்னைத் தானே கேட்டுப் பார்க்கும் பழக்கம்தான் அவர்களுக்கு மிச்சம் இருக்கும் வழி. ஆகவே, தன்னை ஆராய்ந்து பார்ப்பது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். யாரும் வழி சொல்லாத வீட்டுப் பிள்ளைக்கே அது அதிகம் தேவை.

இதில் இழப்பும் உண்டு. முதல் பருவத் தேர்வுக்கு முன்பே வருகைப் பதிவேட்டில் சில பெயர்கள் நின்றுவிடும். பணம் ஒரு காரணம். 2022 முதல் புதுமைப் பெண், 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் வழியாக மாதம் 1000 ரூபாய் வருவது பலருக்குப் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் கைகொடுக்கிறது. ஆனால் 'இது எனக்குச் சரிப்படாது' என்று மனதுக்குள் முடிவெடுத்து நின்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள். எது சரிப்படவில்லை? பாடமா, ஆங்கில வழிப் பாடநூலா, காலை ஐந்து மணிப் பேருந்தா, பேச ஒரு நண்பர்கூட இல்லாததா? அதைப் பிரித்துப் பார்க்காமலே முழுப் படிப்பையும் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் மூன்று ஆண்டும் இருந்து பட்டமும் வாங்குவார்கள். பாடம் மட்டும் அவர்களைத் தொட்டிருக்காது.

ஆர்வம் எப்படி வளர்கிறது?

ஆர்வம் என்பது நமக்குள் எங்கோ புதைந்து கிடக்கிறது, தோண்டி எடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஊக்கப் பேச்சாளர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கல்வி உளவியல் வேறு மாதிரி சொல்கிறது.

சுசான் ஹிடி, ஆன் ரென்னிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் ஆர்வம் வளரும் விதத்தை நான்கு கட்டங்களாக விளக்கினார்கள். முதலில் ஏதோ ஒரு சூழல் கவனத்தைத் தூண்டுகிறது. அடுத்து, அந்தச் சூழல் தொடர்ந்து கிடைப்பதால் கவனம் நிலைக்கிறது. மூன்றாவதாக, யாரும் சொல்லாமலே மாணவர் தானாகக் கேள்வி கேட்கத் தொடங்குகிறார். நான்காவதாக, தடை வந்தாலும் விடாத சொந்த ஆர்வமாக அது வேரூன்றுகிறது. முதல் இரண்டு கட்டங்களில் வெளியிலிருந்து வரும் ஆதரவு மிகவும் தேவை. ஆதரவு நின்றால் ஆர்வம் பின்னோக்கிப் போகவும், மறைந்துவிடவும் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு. விருப்பமில்லாமல் வரலாற்றுப் பிரிவில் சேர்ந்த ஒரு மாணவி நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகச் செங்கம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. வயலோரம் நிற்கும் கல்லில் வில்லேந்திய வீரனின் உருவமும் மேலே சில எழுத்துகளும் தெரிகின்றன. 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்ற கேள்வி எழுகிறது. அது முதல் கட்டம். ஆசிரியர் அன்று மாலை வட்டெழுத்தின் நான்கு எழுத்துகளைக் காட்டிக்கொடுத்தால் இரண்டாம் கட்டம். மாணவி நூலகத்தில் நடுகல் பற்றித் தானே தேடினால் மூன்றாம் கட்டம். கல்வெட்டியல், தொல்லியலில் தமிழ்நாடு தொல்லியல் துறை முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது என்று விசாரித்து, அதற்குத் தயாரானால் நான்காம் கட்டம். கிடைத்த படிப்பு பிடித்த படிப்பாக மாறிய கதை இது. முகாம் மாலையில் ஆசிரியர் பதில் சொல்லாமல் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

2018இல் பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆர்வம் பிறவியிலேயே அமைந்தது என்று நம்புபவர்கள், பிடித்த விஷயத்தில் கடினமான பகுதி வந்ததும் மற்றவர்களைவிட விரைவில் பின்வாங்கினார்கள். ஆர்வம் வளர்த்துக்கொள்வது என்று நம்புபவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 'உன் ஆர்வத்தைக் கண்டுபிடி' என்று நாம் சொல்லும் வாக்கியமே சில பிள்ளைகளுக்குத் தடையாகிவிடலாம். 'முயன்று பார், பிறகு யோசி' என்று சொல்வது பாதுகாப்பானது.

மாநிலக் கல்லூரியின் இரண்டு மாணவர்கள்

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இருவரை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

முதலாமவர் சி.வி. இராமன். 1904இல் பி.ஏ., 1907இல் எம்.ஏ. முடித்தார். முப்பட்டகத்தின் கோணத்தை நிறமாலைமானியில் அளப்பது எல்லா இயற்பியல் மாணவர்களும் செய்யும் சோதனை. அதைச் செய்யும்போது ஒளி விளிம்பு விளைவுப் பட்டைகள் சமச்சீராக இல்லாததைக் கவனித்தார். ஏன் என்று கேட்டுத் தொடர்ந்தார். 1906இல், 18 வயதில், லண்டன் ஆய்விதழ் ஒன்றில் அவரது கட்டுரை வந்தது. வகுப்புச் சோதனையில் வந்த சொந்தக் கேள்வி அது.

அதற்குப் பின் நடந்ததுதான் நம் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய பகுதி. அறிவியல் ஆய்வை நம்பி வாழ்க்கை நடத்த அன்று வழி இல்லை. இராமன் அரசு நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907இல் கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாகச் சேர்ந்தார். காலையில் அலுவலகத்துக்கு முன்பும், மாலையில் அலுவலகம் முடிந்தும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சோதனைகள் செய்தார். இப்படிப் பத்து ஆண்டுகள். 1917இல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் பதவியை ஏற்றார். 1928இல் இராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு. வேலையா, ஆர்வமா என்று ஒன்றை வெட்டிவிட்டு ஒன்றைப் பிடிக்கும் கட்டாயம் அவருக்கு வரவில்லை. வேலை வீட்டைக் காத்தது. அவர் ஆர்வத்தைக் காத்தார்.

இரண்டாமவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். அவரும் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். அங்கே பேராசிரியராக இருந்த ஃபைசன் தென்னிந்திய மலைகளின் தாவரங்களைப் பற்றி நூல்கள் எழுதியவர். மலைப்பகுதிகளுக்குச் செடி தேடிப் போகும்போது இந்த மாணவரையும் அழைத்துச் சென்றார். ஃபைசனின் மனைவியிடம் கிருஷ்ணன் நீர்வண்ண ஓவியம் கற்றார். பிறகு சட்டமும் படித்தார். வேறு வேறு பணிகளும் செய்தார். ஆனால் 1950 முதல் 1996இல் மறையும் வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர் அவர். தமிழிலும் எழுதினார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற அவருடைய கட்டுரைத் தொகுப்பு உங்கள் பள்ளி நூலகத்தில் இருந்தால் பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

ஃபைசன் அந்த மாணவரிடம் 'உன் ஆர்வம் எது?' என்று கேட்டாரோ இல்லையோ, உடன் அழைத்துப் போனார். ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய உதவி பல நேரங்களில் அவ்வளவுதான்.

திரும்பிப் பார்க்கும் முறை

செய்தது மட்டும் போதாது. செய்ததைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். பி.எட்.டில் நாம் படித்த டேவிட் கோல்பின் அனுபவக் கற்றல் சுழற்சி நினைவிருக்கும். அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு கருத்தை உருவாக்குதல், அதை வைத்து மீண்டும் முயலுதல். நம் பிள்ளைகளுக்கு அனுபவம் நிறைய இருக்கிறது. சனி, ஞாயிறு சமையல் பந்தலில் பரிமாறுகிறார்கள், கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் உட்காருகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், அம்மாவின் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறார்கள். இரண்டாவது படி மட்டும் இல்லை. அது 'அனுபவம்' என்ற கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது.

கல்லூரி மாணவர்களுக்கு நான் சொல்லும் எளிய முறை இது. ஒரு நாற்பது பக்க நோட்டு. வாரம் ஒரு நாள், பத்து நிமிடம், நான்கு கேள்விகள்.

ஒன்று: இந்த வாரம் நேரம் போனதே தெரியாமல் செய்த வேலை எது?

இரண்டு: யாரும் சொல்லாமலே நானாகத் தேடியது, கேட்டது, படித்தது எது?

மூன்று: எது அலுப்பாக இருந்தது? அலுத்தது விஷயமா, சொல்லப்பட்ட விதமா, இடமா, என் தூக்கமின்மையா?

நான்கு: அடுத்த வாரம் சிறிதாக எதை முயன்று பார்ப்பேன்?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. 'எனக்குக் கணக்கே பிடிக்காது' என்று எழுதும் மாணவர், பிரித்துப் பார்த்தால், மதியம் மூன்று மணி வகுப்பைத்தான் வெறுக்கிறார் என்று தெரியவரலாம். காலை வேலையில் நின்றுவிட்டு மாலை சுழற்சி வகுப்புக்கு வருபவருக்கு அது உடல் களைப்பு. பாடத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை. பத்து வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால், ஒரே விஷயம் மூன்று நான்கு முறை தலைகாட்டியிருக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.

நான்காவது கேள்விக்குக் கல்லூரியிலேயே இடம் இருக்கிறது. நிறைய மாணவர்களுக்கு அது தெரியாது. நம் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் பாடத்திட்டத்தில் பகுதி நான்கில், வேறு துறையின் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலோர் 'எது சுலபம்?' என்று கேட்டு எடுக்கிறார்கள். 'எதைத் தொட்டுப் பார்க்கலாம்?' என்று கேட்டு எடுக்கலாம். பகுதி ஐந்தில் விரிவாக்கப் பணி இருக்கிறது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அதைச் சான்றிதழுக்கான வேலையாகவும் முடிக்கலாம். ஒரு கிராமத்தில் தன்னைச் சோதித்துப் பார்க்கும் ஏழு நாட்களாகவும் ஆக்கலாம். மாவட்ட மைய நூலகங்கள், சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லாம் கட்டணமில்லாமல் உட்கார்ந்து படிக்கத் திறந்திருக்கின்றன.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்ப்பது சில பிள்ளைகளிடம் தன்னைத் திட்டிக்கொள்வதாக மாறிவிடும். தமிழ் வழியில் படித்து வந்தவர், முதல் பருவத்தில் இரண்டு அரியர் விழுந்ததும், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று எழுதுவார். 'நான் எப்படிப்பட்டவன்?' என்ற கேள்வி அங்கே கொண்டுபோய்விடும். 'என்ன நடந்தது? எந்த இடத்தில் புரியாமல் போனது? யாரிடம் கேட்கலாம்?' என்று நடந்ததைப் பற்றிக் கேட்கப் பழக்க வேண்டும். மனச்சோர்வு நீடித்தால் நோட்டு போதாது. 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும் என்பதைப் பிளஸ் டூ முடித்துப் போகும்போதே ஒவ்வொருவரும் அறிந்திருக்கட்டும்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

'இதற்கும் ஒரு பதிவேடா? இதையும் எமிஸில் ஏற்ற வேண்டுமா?' என்று உங்களில் சிலர் யோசிப்பது புரிகிறது. வேண்டாம். அந்த நோட்டைத் திருத்தவும் கூடாது, மதிப்பெண் போடவும் கூடாது. நாம் படிக்கிறோம் என்று தெரிந்த அன்றே பிள்ளைகள் நமக்குப் பிடித்ததை எழுதத் தொடங்கிவிடுவார்கள். காட்ட விரும்பியவர் காட்டட்டும்.

மூன்று சிறிய வேலைகள் போதும். பிளஸ் டூவில் மாதம் ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் அந்த நான்கு கேள்விகளை எழுதச் செய்யுங்கள். கல்லூரிக்குப் போகும்போது பழக்கம் கூடவே போகும்.

இரண்டாவது, உங்கள் பள்ளியில் படித்து இப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒருவரை அழைத்துப் பேச வையுங்கள். முதல் மதிப்பெண் வாங்கியவர்தான் வர வேண்டும் என்பதில்லை. கேட்டது கிடைக்காமல் வேறொன்றில் சேர்ந்து, அதில் தனக்கு ஒரு வழி கண்டுகொண்டவர் வந்தால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மூன்றாவது, பெற்றோர். 'பிடிச்சதைப் படின்னு சொல்லிட்டா சோறு யார் போடுறது?' என்று கேட்கும் தாயின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர் பட்ட பாடு அந்தக் கேள்வியில் இருக்கிறது. அவரிடம் இலட்சியம் பேச வேண்டாம். இராமன் வேலைக்குப் போனதைச் சொல்லுங்கள். வேலை தேடுவதை யாரும் தடுக்கவில்லை, எந்த வேலையில் தன் பிள்ளை நீடித்து நிற்கும் என்று பார்க்கத்தான் இந்த முயற்சி என்று சொல்லுங்கள். பெண் பிள்ளையின் தாய்க்கு இன்னொன்றும் சொல்லலாம்: தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த பெண், பின்னால் வீட்டிலும் வேலையிடத்திலும் தனக்காகப் பேசத் தெரிந்தவளாக இருப்பாள்.

இந்தப் பருவத்தில் உங்கள் வகுப்பிலிருந்து ஒரு மாணவரையாவது தேர்ந்தெடுங்கள். நன்றாகப் படிப்பவரையும் அதிகம் சேட்டை செய்பவரையும் நமக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டுக்கும் நடுவில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் பள்ளிக்கு வெளியே என்ன செய்கிறார் என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். கல்லூரிக்கு வரும்போது அந்த ஐந்து நிமிடத்தையும் அவர் எடுத்துக்கொண்டு வருவார். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.